பறவையின் முதுகு

கட்டுநாயக்காவிலிருந்து இரவோடிரவாக
பதினொரு பேர், ஒரு வேன்.
பின்சீட்டில் சோற்றுப் பார்சல்களின் பருப்பு வாசனை.
நானுஓயா வளைவுகளில் சந்தமாலி வாந்தியெடுத்தாள்.
தேசிக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.
"நீ மலைக்காரி, உனக்கு ஒன்றும் ஆகாது" என்றாள் பஸ்லுனா.
ஆகவில்லைதான்.

பட்டிப்பொல வாசலில் பைகளைத் திறந்து காட்டினோம்.
பொலித்தீன் உள்ளே போகக்கூடாது.
பிஸ்கட்டை உரித்துக் காகிதத்தில் கொட்டினான் காவலன்.
தண்ணீர்ப் போத்தலின் லேபலைச் சின்னக் கத்தியால் கிழித்தான்.
பெயரில்லாத தண்ணீரோடு உள்ளே போனோம்.

காட்டுக்குள் தேடவேண்டுமென்று நினைத்த மரை
கழிப்பறைப் பக்கத்திலேயே நின்றது.
பிடரி மயிரில் பனி,
ஒரு கொம்பில் காய்ந்த கொடித் துண்டு.
மூக்கைத் தூக்கி எங்கள் பருப்பை முகர்ந்தது.
எல்லோரும் போனை நீட்டினார்கள்.
எங்கள் பக்கம் பன்றிதான் வரும்,
ஒரே இரவில் போஞ்சிப் பாத்தியை உழுதுவிட்டுப் போகும்.
அதைப் பார்க்க யாரும் டிக்கட் எடுப்பதில்லை.

தை மாதம்.
புல் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி.
மரங்களுக்குத் தாடி வளர்ந்திருந்தது.
பாதையோரப் பட்டையில் ஓர் ஓணான்,
மூக்கில் ஒற்றைக் கொம்பு, வெள்ளையாய்,
தீக்குச்சி நீளம்கூட இல்லை.
இந்த உச்சிகளை விட்டால்
உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது,
கீழே கொண்டுபோனால் தாங்காது என்றார் வழிகாட்டி.
"ஏன் கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்டாள் பஸ்லுனா.
அவரிடம் பதில் இல்லை.
ஓணான் ஒரு கண்ணை மட்டும் திருப்பியது.

உலக முடிவுக்கு வந்தபோது மணி ஒன்பதரை.
பிந்திவிட்டோம், மூடிவிட்டது.
வேலிக் கம்பிக்கு அப்பால்
சலவை செய்து தொங்கவிட்ட வெள்ளை.
அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.
"முடிவு எங்கே?" என்றாள் சந்தமாலி.

எந்த ஊர் என்று கேட்டால்
பலாங்கொடைப் பக்கம், கொஞ்சம் உள்ளே என்பேன்.
ஆறு வருடமாய் அப்படித்தான்.

மேகம் ஓரிடத்தில் கிழிந்தது.
முதலில் ஓர் உழவாரக் குருவி
எங்கள் காலுக்குக் கீழே பறந்தது.
பறவையின் முதுகை
அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.
பிறகு பச்சை.
பச்சைக்குள் நகக்கீறலாய்ப் பாதை.
அது போய் முட்டிய இடத்தில் தகரம்:
ஒரு வரிசை, இரண்டாவது, மூன்றாவது.
மூன்றாவதின் கோடியில் ஒரு நீலப் பொட்டு.
போன ஆடிக் காற்று கூரையைத் தூக்கியபோது
ஓவர்டைம் காசில் நான் வாங்கியனுப்பிய தார்ப்பாய்.

போனில் ஒரு கோடு சிக்னல்.
"யோகமலர், வெளிய வா. மேல பாரு."
"எங்க?"
"பாறை உச்சியில."
கதவு. கோழி. யாரோ இருமுவது.
"மேகந்தான் கெடக்கு அக்கா. நீ எங்க நிக்கிற?"
"உலக முடிவுல."
"அது இங்கயில்ல இருக்கு?" என்று சிரித்தாள்.

சின்ன வயதில் நாங்கள் அந்தப் பாறையை
அடைப்பு என்போம்.
அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பது எங்கள் முடிவு.
மரையும் இல்லை, ஓணானும் இல்லை,
டிக்கட் வாசலும் இல்லை.

"கையை ஆட்டு" என்றேன்.
"ஆட்டுறேன் அக்கா, தெரியுதா?"
தெரியவில்லை. தெரியுது என்றேன்.
நானும் ஆட்டினேன்.
"யாருக்கு?" என்றாள் சந்தமாலி.
அங்கே, என்று விரலை நீட்டுவதற்குள்
விரல்நுனிவரை வெள்ளை.

ஒரு கல்லை உருட்டினால்
எங்கள் கோடிப்புறத்தில் போய் விழும்.
வேனில் போவதென்றால் சுற்றி மூன்று மணி நேரம்.
நாளைக் காலை ஆறரைக்கு ஷிப்ட்.
ட்ரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருப்பான் என்றார்கள்.
பெயரில்லாத தண்ணீரில் பாதியைக் குடித்தேன்.
மீதியைச் சந்தமாலி வாங்கிக்கொண்டாள்.